எடுத்துக் கொடுப்பவள்

இந்த வருஷம் ஆண்டு விழா நாடகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓவிய ஆசிரியர் எங்கள் பள்ளிக்குப் புதியவர் என்பதை நான் மறந்து தொலைத்தேன். எல்லாரிடமும் சொல்லி வைத்தவள் அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை. காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகளின் வரிசை கலைந்துகொண்டிருந்தபோது, கையெல்லாம் சாயக்கறையோடு என்னைத் தேடி வந்தார்.

"டீச்சர், உங்க பொண்ணுக்கு நாடகத்துல ஒரு வேஷம் கொடுத்துட்டேன். கடைசிக் காட்சியில வர்ற தூதுவன். நீங்க எழுதின நாடகம், உங்க பொண்ணு பேசப்போறா. சந்தோஷம்தானே?"

பல்லைக் காட்டினேன். சுற்றிலும் பிள்ளைகள் நிற்கும்போது வேறு என்ன செய்வது?

என் மகளுக்குச் சில எழுத்துகள் வாயில் மாட்டிக்கொள்ளும். சொல்லின் முதலில் 'க' வந்தால் போச்சு, 'ப' வந்தால் போச்சு. சொல் தொண்டையில் வந்து நிற்கும், உதடு துடிக்கும், கண் இறுக மூடிக்கொள்ளும். மற்றபடி நன்றாகப் பேசுவாள், என் பெண் இல்லையா? வீட்டில் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவோம். என்னைவிட அரை அடி வளர்ந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. பள்ளியில் இருக்கும் பேர் 'க'வில் தொடங்குவது. ஆசை ஆசையாகத் தேடி வைத்தவள் நானேதான், யாரை நொந்துகொள்வது?

மூன்றாம் வகுப்பில் அவளைப் பாடம் வாசிக்க எழுப்பினார்கள். 'காகம்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள். "கா, கா" என்று அவள் தவிக்க, எவனோ ஒருவன் பின்னாலிருந்து "கா, கா" என்றான். அவ்வளவுதான், வகுப்பே கத்தித் தீர்த்தது. அடுத்த அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது. என்ன விளையாட்டோ என்று நானும் சிரித்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. அவளை வெளியே இழுக்க முடியாமல் நானும் தரையில் படுத்துக் கிடந்தேன். இனி இந்தப் பள்ளிக்கூடத்தில் என் பிள்ளையை எவரும் அப்படி நிற்க வைக்க விடமாட்டேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

எனக்குப் பொறுமை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது அடுக்கும். யாராவது பேச்சை இழுத்தால் மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். ஆண்டு விழா நாடகத்தை ஒவ்வொரு வருஷமும் எழுதுவதும் நான்தான், மேடையில் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் நான்தான். மேடையில் மட்டுமா? பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியைக்குப் பின்னால் நின்று, வருகிறவர் எந்தப் பிள்ளையின் அப்பா என்று காதில் போடுவதும் நான்தான். அந்த அம்மா உடனே ஏதோ நேற்றுதான் பேசிப் பிரிந்தவர்போல முகம் மலர்ந்து, "வாங்க வாங்க, பையன் இப்போ நல்லா எழுதறான்" என்பார். அப்பா படியிறங்கியதும் முகத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு, "யாருப்பா அது?" என்று என்னைக் கேட்பார்.

பள்ளிக்கூடம் என்பதே நாடகக் கொட்டகைதான். மணி அடித்தால் திரை விலகும். ஆசிரியர் அறையில் மேசைமேல் கவிழ்ந்து கிடந்த கணக்கு வாத்தியார் வாசலைத் தாண்டும்போது புலியாகிவிடுவார். பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்கிற முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அவர் புலி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் கவனிக்கவில்லை என்று அவருக்கும் தெரியும். வண்டி ஓடுகிறது. இதில் என் மகளுக்காகத் தனியாக ஒரு நாடகத்தை நான் போட்டதில் என்ன குற்றம்?

நன்றாகத்தான் போட்டேன். ஒவ்வொரு வருஷமும் வகுப்பு மாறும்போது புது வகுப்பாசிரியரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிவிடுவேன். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து தங்கள் பேரைச் சொல்லும்போது அவள் முறை வந்ததும், "உன்னைத்தான் எல்லாருக்கும் தெரியுமே, உட்காரு" என்று சிரிக்க வேண்டும். பிள்ளைகள் விடையை வரிசையாக வாசித்துக்கொண்டு வரும்போது அவளுக்கு முந்தின பிள்ளையோடு கணக்கு வாத்தியாருக்கு நேரமாகிவிடும். கேன்டீன்காரர் அவளைப் பார்த்ததும் வாய் திறக்குமுன் பன்னை எடுத்து நீட்டுவார். தாமதமாக வந்தால் வாட்ச்மேன் அண்ணன் காரணம் கேட்காமல் கேட்டைத் திறந்துவிடுவார். ஆளுக்கொரு வேஷம். ஒருவரும் இதுவரை சொதப்பியதில்லை.

அன்று மதியம் அரங்கத்துக்குப் போனேன். ஓவிய ஆசிரியர் தரையில் துணியை விரித்துப் பெரிய கோட்டை ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். கதவுக்கு இரும்புக் குமிழ்கள்கூட வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தூரிகையைக் கீழே வைத்தார்.

"அப்படியா? எனக்கு யாருமே சொல்லலையே டீச்சர்."

"இப்போ சொல்லிட்டேன்ல. வேற யாருக்காவது மாத்திடுங்க. அவளுக்கு நான் சமாதானம் சொல்லிக்கிறேன்."

"அதில்ல டீச்சர்." அவர் தலையைச் சொறிந்தார். காதோரம் பழுப்புச் சாயம் ஒட்டியது. "நான் எங்க அவளைக் கூப்பிட்டேன்? அவளா வந்து கேட்டா. தூதுவன் வேஷம்தான் வேணும்னு கேட்டா. நேரம் எடுத்துத்தான் கேட்டா, ஆனா கேட்டுட்டா."

அவர் வரைந்த கதவில் ஒரு குமிழ் கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் பள்ளிப் பேருந்தின் டிரைவர். பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வண்டியை ஷெட்டில் கொண்டுபோய் விடும்வரை நானும் பொடிசும் அதிலேயே வருவோம். கடைசிப் பிள்ளை இறங்கியதும் வண்டி காலியாகிவிடும், சன்னல் கண்ணாடிகள் மட்டும் கிடுகிடுவென்று ஆடும். பொடிசு பின்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாடகத்துக்கு நீயா போய் கேட்டியாமே?"

"ஆமா."

"எதுக்குடி?"

தோளைக் குலுக்கினாள். "ஆசையா இருந்துச்சு."

"அந்த வசனம் என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தெரிஞ்சுதான் கேட்டேன்."

அந்த வசனத்தை எழுதிய கையை ஒடித்துப் போட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது. பகைவருக்குப் பயந்து கோட்டைக் கதவைப் பல ஆண்டுகளாகத் திறக்கவே விடாத ஓர் அரசனைப் பற்றிய நாடகம் அது. ஊர்மக்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் தாங்களே கதவைத் திறந்துவிடுவார்கள். தூதுவன் ஓடிவந்து அரசனிடம் சொல்ல வேண்டும்: 'கோட்டைக் கதவு திறந்துவிட்டது, அரசே. படையும் இல்லை, பகையும் இல்லை.' எண்ணிப் பாருங்கள், எல்லாம் அவளுக்கு ஆகாத எழுத்துகள். வேண்டுமென்று தேடி எழுதினால்கூட இப்படி வராது.

வீட்டுக்குப் போனதும் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுப் பேனாவோடு உட்கார்ந்தேன். விசில் போனதே தெரியவில்லை. தமிழ் வாத்தியார் வேலை எதற்கு இருக்கிறது? கோட்டைக்கு அரண் என்று ஒரு சொல் இருக்கிறது. கதவை வாயிலாக்கிவிடலாம். படைக்குச் சேனை, பகைக்கு எதிரி. 'அரண்வாயில் திறந்தது, அரசே. சேனையும் இல்லை, எதிரியும் இல்லை.' ஒரு 'க' இல்லை, ஒரு 'ப' இல்லை. தூதுவனுக்கு மட்டும் மாற்றினால் சந்தேகம் வரும் என்று நாடகம் முழுக்கக் கோட்டையை அழித்து அரண் ஆக்கினேன். எனக்கு என்மேலேயே பெருமையாக இருந்தது.

குழம்பு அடிப்பிடித்த வாடைக்கு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன பண்ற?"

"கொஞ்சம் திருத்தறேன்."

அவர் படித்துப் பார்த்தார். பிறகு, "ஏத்தத்துல லோடு வண்டி மெதுவாத்தான் ஏறும். பின்னாடி நின்னு ஹாரன் அடிச்சா டிரைவருக்கு எரிச்சல்தான் வரும், வண்டி வேகமா ஏறாது" என்றார்.

"நான் ஹாரன் அடிக்கிறேன்னு சொல்றீங்களா?"

"நான் வண்டியைப் பத்திதான் சொன்னேன்."

"வண்டியைப் பத்தி ஷெட்டுல போய் சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே குக்கரின் அடியைச் சுரண்டப் போய்விட்டார்.

மறுநாள் ஒத்திகையில் புது வசனங்களைக் கொடுத்தேன். அரசன் வேஷம் போட்டவன் நெட்டையன். அவ்வளவு உயரத்துக்கு அரசன் வேஷம்தான் பொருந்தும் என்று கொடுத்தார்களே தவிர, அவனுக்கு ஒரு வசனமும் மண்டையில் தங்காது. போன வருஷம் மரமாக நின்றபோதுகூட எப்போது ஆட வேண்டும் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"டீச்சர், அரண்னா என்ன டீச்சர்?" என்றான்.

"கோட்டைடா."

"அப்போ கோட்டைன்னே சொல்லலாமே டீச்சர்."

ஓவிய ஆசிரியருக்கும் பொறுக்கவில்லை. "டீச்சர், நான் அங்க கோட்டையை வரைஞ்சு வெச்சிருக்கேன். கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அரண், வாயில்னா என்ன புரியும்? நல்ல வசனத்தை ஏன் மாத்தினீங்க?"

"சொல்வளம் வேணும் சார் பிள்ளைகளுக்கு" என்றேன்.

பொடிசு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உதட்டை அசைத்து ஒரு தடவை படித்தாள். அவளுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? எந்தச் சொல் எப்படித் தொடங்குகிறது என்று பேசுவதற்கு முன்பே பார்த்துப் பார்த்துப் பழகியவள் அவள். தாளை நான்காக மடித்தாள். என் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு வண்டியில் கடைசிப் பிள்ளை இறங்கும்வரை அவள் வாய் திறக்கவில்லை. நான் சும்மா இருக்க முடியாமல் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வண்டி காலியானதும் எழுந்து வந்து எனக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு கோ... கோ..."

"கோட்டைதான் வேணுமா?" என்றேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "பாத்தியா? சொல்ல விட மாட்டேங்கிற."

"உனக்கு உதவிதானேடி பண்ணேன்."

"இல்லம்மா. நீ எப்பவும் முந்திக்கிற. நான் சொல்ல வர்றது வேற. எனக்கு கோ... கோ..." இந்தத் தடவை நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "...கோபமா வருது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தார்.

"கணக்கு சாருக்கு ஏன் சரியா என் முறை வரும்போது நேரமாகுதுன்னு எனக்குத் தெரியாதா? கேன்டீன் அண்ணன் ஏன் என்கிட்ட மட்டும் என்ன வேணும்னு கேக்கறதில்ல? எனக்கு அந்தப் ப... பன் பிடிக்கவே பிடிக்காதும்மா. ஒரு நாள்கூட எனக்கு வேண்டியதை நான் வாங்கினதில்ல." இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. நான் இங்கே ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"எல்லாரும் எனக்காக இவ்வளவு சிரமப்பட்டு நடிக்கிறீங்க. தெரிஞ்ச மாதிரி காட்டினா நீ அழுவ. அதான் நானும் சேர்ந்து நடிச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று கைப்பையின் பித்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷம் நான் இயக்கிய நாடகத்தில் என்னைவிட நன்றாக நடித்தவள் அவள்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் திரைக்குப் பின்னால் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பழைய வசனத்தைக் கொடுத்துடு. அப்புறம், நீ அங்க நின்னு எனக்கு எடுத்துக் கொடுக்கக்கூடாது."

"நான் நிக்கலைன்னா அந்த நெட்டையன் கதி?"

"அவனுக்குக் கொடு. எனக்கு வாயைத் திறக்காத. நான் எவ்வளவு நேரம் நின்னாலும் திறக்காத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். கோட்டையைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அதன்பிறகு விழா நாள்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் எதைச் சொல்ல வந்தேன் என்று மறந்துபோய் நின்றேன். ஒத்திகைகளில் ஒரு நாள் அவள் தடையில்லாமல் சொல்லிவிடுவாள், இன்னொரு நாள் கோட்டையிலேயே நின்றுவிடுவாள். கூட நடிப்பவர்கள் பழகிவிட்டார்கள், நெட்டையன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான். ஆனால் விழாவுக்கு வருவது முழுப் பள்ளிக்கூடம், அவர்களைப் பெற்றவர்கள், கூட வரும் உறவுகள். எவனாவது ஒருவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் போதும். கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தச் சின்ன முகம் என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். மற்றதைப் பற்றி யாரும் பேசவில்லை. விழாவன்று காலையில் தலைமையாசிரியையிடம் போனேன்.

"மேடம், கடைசிக் காட்சியில என் பொண்ணு நின்னுட்டான்னா, நீங்க கை தட்டிடுங்க. நீங்க தட்டினா எல்லாரும் தட்டுவாங்க. நாடகம் முடிஞ்ச மாதிரி ஆயிடும்."

"அதுக்கென்ன, தட்டிடறேன்" என்றார் அவர். பெற்றோரிடம் பேசுகிற அதே முகம்.

திரைக்கயிறு எப்போதும் வாட்ச்மேன் அண்ணன் கையில்தான் இருக்கும். அவரிடமும் சொன்னேன். "அண்ணே, மேடம் கை தட்டினதும் திரையை இழுத்து மூடிடுங்க. யோசிக்காதீங்க."

"நம்ம பிள்ளைக்காகத்தானே டீச்சர். கண் மூடித் திறக்கறதுக்குள்ள இழுத்துடறேன்" என்றார்.

சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு கதவருகே நின்றிருந்தார். முன்வரிசையில் தலைமையாசிரியை, கணக்கு வாத்தியார், மற்ற ஆசிரியர்கள் எல்லாரும். நான் வழக்கம்போல மேடையின் இடப்பக்கத்துப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன், கையில் நாடகத் தாள்கள். வலப்பக்கத்தில் வாட்ச்மேன் அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

நெட்டையனுக்கு அன்றைக்கு ஒரு வசனம்கூட முழுதாக வரவில்லை. நான் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, மற்றதை நினைக்க நேரமில்லை. பிறகு கடைசிக் காட்சி வந்தது.

பொடிசு எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். ஓட்டம் சரியாக இருந்தது, மண்டியிட்டதும் சரியாக இருந்தது. தலையை நிமிர்த்தி அரசனைப் பார்த்தாள்.

"கோ..." என்றாள்.

நின்றுவிட்டது.

"கோ... கோ..."

அரங்கம் அடங்கியது. ஒரு குழந்தை எங்கோ சிணுங்கியது. அவளுடைய கண் இறுக மூடியதை நான் பார்த்தேன். என் வாய் தானாகக் குவிந்தது, அந்த ஓட்டை வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். முன்வரிசையைப் பார்த்தால், அத்தனை ஆசிரியர்களும் உதட்டைக் குவித்துக்கொண்டு கோட்டை கோட்டை என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணக்கு வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தேவிட்டார், பழக்க தோஷம்.

அப்போது தலைமையாசிரியை சொன்ன சொல் தவறாமல் கை தட்டினார். ஒருவர், இருவர் என்று பின்னால் பரவியது. வலப்பக்கத்தில் கயிறு கிறீச்சிட்டது. திரை அசைந்து, இரண்டு பக்கமிருந்தும் அவளை நோக்கி வர ஆரம்பித்தது.

அவள் கண்ணைத் திறந்து அந்தத் திரையைப் பார்த்தாள். பிறகு நான் நிற்கும் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பயமில்லை. யாருடைய வேலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்தபோதுகூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

நான் தாள்களைப் போட்டுவிட்டு ஓடினேன். கோட்டைத் துணிக்குப் பின்னால், மரச்சட்டங்களில் முட்டி இடித்துக்கொண்டு, ஒரு சாய டப்பாவை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வலப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது திரை பாதிக்குமேல் மூடியிருந்தது. வாட்ச்மேன் அண்ணன் உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தேன். அது என் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு ஓடி, நின்றது.

"டீச்சர், நீங்கதானே சொன்னீங்க..."

"திறங்க அண்ணே."

"மேடம் தட்டிட்டாங்களே."

"தட்டட்டும். திறங்க."

இருவருமாக எதிர்ப்பக்கம் இழுத்தோம். திரை மறுபடி விலகியது. கை தட்டியவர்கள் குழம்பிப்போய் நிறுத்தினார்கள். நடுவே அவள் மண்டியிட்டபடியே இருந்தாள், எழுந்து ஓடியிருக்கவில்லை. நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். விட்டால் எங்கே போய் எதைச் செய்துவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கையில்லை.

"கோ... கோ..." என்றாள். மூச்சு விட்டாள். மறுபடி தொடங்கினாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, என் ஆயுளில் பாதி போன மாதிரி இருந்தது. "கோட்டைக் க... க... கதவு திறந்துவிட்டது, அரசே." 'படை'யில் நின்றாள், தாண்டினாள். 'பகை'யில் நின்றாள், அதையும் தாண்டினாள். "...பகையும் இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. எவனும் பின்னாலிருந்து குரல் கொடுக்கவில்லை. இத்தனை வருஷமும் நான் பயந்துகொண்டிருந்த அந்தக் குரல் அரங்கத்தில் எங்குமே இல்லை.

அடுத்த வசனம் அரசனுடையது. நெட்டையன் சிம்மாசனத்திலிருந்து எழுந்து, வாயைத் திறந்து, வழக்கம்போல இடப்பக்கம் திரும்பி என்னைத் தேடினான். அங்கே யாருமில்லை, தாள்கள்தான் தரையில் கிடந்தன. நான் மேடையின் மறுகோடியில் கயிறும் கையுமாக நின்றேன். கத்தினால் அரங்கம் முழுக்கக் கேட்கும். அவன் முகம் வெளுத்தது. கைகள் அங்கியைப் பிசைந்தன. போன வருஷத்து மரம்போல நின்றுவிட்டான்.

பொடிசு அவனைப் பார்த்தாள். மண்டியிட்டபடியே அவன் பக்கம் சற்று நகர்ந்து, தலையைத் தாழ்த்தி, அடங்கின குரலில் எடுத்துக் கொடுத்தாள்.

"கா..." என்றாள். "கா... கா..."

உலகத்தில் இருக்கிற சொல்லெல்லாம் போக அந்தச் சொல்தானா?

நெட்டையன் சிரிக்கவில்லை, நகத்தைக் கடிக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு குனிந்து நின்றான். அவனுக்கு வேண்டிய வசனம் அவளிடம்தான் இருந்தது, அவள் சொல்லும்வரை அவன் நின்றுதான் ஆக வேண்டும். அப்படி ஓர் ஆள் அவளுக்காகக் காத்து நின்று நான் பார்த்ததே இல்லை. நான் காத்து நின்றதே இல்லை.

"...காற்று வருகிறது" என்றாள்.

"காற்று வருகிறது" என்றான் நெட்டையன், நிம்மதியில் அரங்கமே அதிர. "இத்தனை நாள் இது எங்கே இருந்தது?"

இரண்டாவது வரியை அவனே நினைவில் வைத்திருந்தான். அதுதான் அன்றைய அதிசயம் என்று ஓவிய ஆசிரியர் பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கைதட்டல் எழுந்தது. இந்தத் தடவை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கதவருகே இரண்டு கையையும் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். நடித்த பிள்ளைகள் எல்லாரும் கைகோத்து வரிசையாக நின்றார்கள், பொடிசு நடுவில் நின்றாள். என் உள்ளங்கையில் தோல் உரிந்து எரிந்தது, அழுகையும் வந்தது. இந்தத் தடவை அடக்கவில்லை.

வாட்ச்மேன் அண்ணன் என்னைத் தயங்கித் தயங்கிப் பார்த்தார். "டீச்சர், இப்பவாவது இழுக்கலாமா?"

சொல்ல வாயெடுத்தேன். பிறகு கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

"அவகிட்ட கேளுங்க" என்றேன்.

அவர் மேடையை எட்டிப் பார்த்து, "பாப்பா, திரையை மூடிடலாமா?" என்று கேட்டார்.

அவள் திரும்பினாள். முகமெல்லாம் வியர்வை, மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "கொ..." என்றாள். "கொ... கொ..."

வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"...கொஞ்சம் இருங்க அண்ணே" என்றாள்.

இருந்தோம்.